தாய் வீட்டுப் பாண்

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய அழைப்பில் ஒரே ஒரு சொல் குழப்பத்தைக் கிளப்பிவிட்டது. “போயா தினம், மாலை ஐந்து மணி, எங்கள் வீட்டு விறாந்தை. தேநீரும் தாய் சாண்ட்விச்சும்” என்று எழுதியிருந்தேன். சற்று நேரத்தில் பெரிய மாமாவிடமிருந்து பதில் வந்தது: “பிள்ளை, தாய் செய்வதா, மகள் செய்வதா?” தாய்லாந்து என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டதன் பலன். அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் அந்தப் பலகாரத்துக்குத் ‘தாய் வீட்டுப் பாண்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. திருத்திப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக்காற்று. மாதத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கூடப் படித்த தோழிகள், அவர்களுடைய கணவன்மார், பிள்ளைகள், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வரும் மாமா. இத்தனை பேருக்குச் சோறு சமைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் சோறு வைத்தால் அது விருந்தாகிவிடும். விருந்து என்றால் நான் குசினியில் வேர்த்து நிற்பேன், அவர்கள் விறாந்தையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் சிரிக்க வேண்டும். ஆகவே கையில் எடுத்துக் கடித்துக்கொண்டே பேசக்கூடிய ஏதாவது வேண்டும்.

அந்த ‘ஏதாவது’க்கு இலங்கையில் நிலையான விடை உண்டு: ரோல்ஸ், கட்லட், பற்றிஸ். பிறந்தநாள் வீடென்றால் கூடவே நிறச் சாண்ட்விச்சும் வரும். பீட்ரூட் துருவலால் ஓர் அடுக்குச் சிவப்பு, கரட்டால் ஓர் அடுக்குச் செம்மஞ்சள், ஓரம் சீவிய பாண், முக்கோண வெட்டு. பார்க்க வடிவு, தின்றால் மாஜரின். நான் அதை இகழவில்லை. எட்டு வயதில் அதற்காகவே பிறந்தநாள் வீடுகளுக்குப் போனவள் நான். ஆனால் அந்த முக்கோணத்தில் இரண்டு கடி கடித்த பிறகு மூன்றாவது கடிக்கு வேலையில்லை என்பதும் எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

தாய்லாந்து எப்படி உள்ளே வந்தது என்பதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் 2010இல் பாங்கொக் போனான். சுற்றுலாவுக்கு அல்ல. அந்த ஆண்டுகளில் எங்கள் பகுதியில் ‘பாங்கொக் போய்விட்டான்’ என்றால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையகத்தில் பதிந்துவிட்டு, வேறொரு நாடு கை கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். விசா முடிந்தபின் தெருவில் நடந்தால் பிடிபடலாம். வேலை செய்ய அனுமதி கிடையாது. ஒரு அறையில் நான்கு பேராக, நான்கு வருடம். அந்த வருடங்களைப் பற்றி அவன் இன்றைக்கும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவான்.

பாங்கொக்கின் சீலோம் வீதியில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் அதை ‘வாட் கெக்’ என்பார்கள். ‘வாட்’ என்றால் கோயில். ‘கெக்’ என்றால் விருந்தாளி. நம் பக்கத்து முகங்களுக்கும் அதே சொல்தான். (விருந்தாளி என்றார்கள், வேலை செய்யத்தான் விடவில்லை என்பான் தம்பி.) அந்தக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் தள்ளுவண்டியில் முதன்முதலாகச் சத்தே தின்றிருக்கிறான். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் ஊறிய இறைச்சியைக் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டிக் கொடுப்பார்கள். கூடவே கச்சான் (நிலக்கடலை) குழம்பு, வெள்ளரிக்காய் போட்ட புளி இனிப்பு ஊறல். அத்துடன், அவன் எதிர்பார்க்காத ஒன்று: சிறு சதுரமாக வெட்டி அதே கரியில் சுட்ட வெள்ளைப் பாண். குழம்பில் தோய்த்துத் தின்பதற்கு.

“அக்கா, இங்கே பாண் இருக்கிறது” என்று அன்றிரவு தொலைபேசியில் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். பாணைக் கண்டதற்கா இவ்வளவு சந்தோசம் என்று அப்போது நினைத்தேன்.

தாய்லாந்து மொழியில் பாணுக்குக் ‘கனொம் பாங்’ என்று பெயர். கனொம் என்றால் பலகாரம். அந்தப் ‘பாங்’ போர்த்துக்கேயரின் ‘பாவோ’விலிருந்து வந்தது என்பார்கள் சிலர், பிரெஞ்சிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. நம்முடைய பாண் எங்கிருந்து வந்தது என்பதில் வாதமே இல்லை. பாணும் குசினியும் மேசையும் போர்த்துக்கேயர் இறக்கிவிட்டுப் போன சரக்குகள். அவர்கள் 1511இலேயே அயுத்தயாவுக்குப் போய்விட்டார்கள். இங்கே 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். கோட்டை கைமாறியது, சொற்கள் மாறவில்லை. என் பறங்கித் தோழியின் பாட்டி, கோபம் வந்தால் போர்த்துக்கேயக் கிரியோலில்தான் ஏசுவார். இரண்டு ஊருக்கும் கொச்சிக்காயைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவர்களே. அவர்கள் வருவதற்கு முன்னால் நாமும் தாய்லாந்துக்காரரும் உறைப்புக்கு மிளகையே நம்பி இருந்தோம் என்பதை என் பிள்ளைகள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, முதல் முயற்சியின் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தம்பி தொலைபேசியில் சொன்ன சத்தேயைக் கேட்டு எழுதிக்கொண்டு, கோழியைப் பொரித்து, கச்சான் குழம்பைக் குழம்பு போலவே காய்ச்சி, அன்று காலை வாங்கிய இளஞ்சூட்டுப் பாணில் ஊற்றி, மூடி, நான்காக வெட்டி அடுக்கி வைத்தேன். இருபது நிமிடத்தில் பாண் தேநீரில் தோய்த்த ரஸ்க் ஆகிவிட்டது. தூக்கினால் அடிப்பக்கம் தட்டிலேயே தங்கியது. மாமா கரண்டி கேட்டார். காத்தான்குடித் தோழி நாகரிகமானவள். “ருசி நல்ல ருசி, பிடிக்கத்தான் இடமில்லை” என்றாள். போதாக்குறைக்கு, தாய்ச் சமையலுக்கு அரத்தை வேண்டும் என்று கேள்விப்பட்டு, மருந்துச் சரக்குக் கடையில் காய்ந்த சித்தரத்தை வாங்கி இடித்துப் போட்டிருந்தேன். அம்மா ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனார். “யாருக்குத் தடிமன்?” என்று கேட்டார்.

அங்கே போடுவது பேரரத்தை, அதுவும் பச்சைக் கிழங்கு. தோட்டத்தில் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பிடுங்கித் தருவார்கள். கிடைக்காவிட்டால் இளம் இஞ்சியோடு கொஞ்சம் தேசிக்காய்த் தோலைச் சீவிப் போட்டுக்கொள்ளலாம். அதே மணம் வராது, ஆனால் மருந்துக் குடிநீர் மணமும் வராது. அவர்களுடைய மக்ருட் என்ற தேசி இன இலைக்கும் இதே மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன்: நாரத்தையின் இளங்கொழுந்தை நடு நரம்பு நீக்கி, மயிர் போல அரிந்துகொள்வது. இது பதிலி அல்ல, பக்கத்து வீட்டுக்காரி. கோபித்துக்கொள்ளாமல் வந்து நிற்பாள்.

ஆனால் அன்று நான் செய்த பெரிய பிழை அரத்தையும் அல்ல, ஈரமும் அல்ல. அதைத் தம்பிதான் சொன்னான், அதற்குள் கனடா போய்ச் சேர்ந்திருந்தான். படத்தை அனுப்பியதும் அழைத்தான். “அக்கா, நீங்கள் பெரிய சாண்ட்விச் செய்து அதைச் சின்னதாக வெட்டியிருக்கிறீர்கள். அது சின்னச் சாண்ட்விச் இல்லை. உடைந்த பெரிய சாண்ட்விச்.”

பிறகு மியாங் கம் பற்றிச் சொன்னான். ‘கம்’ என்றால் ஒரு வாய். தாய்லாந்தில் ஒரு இலை இருக்கிறது, வெற்றிலைக்குத் தங்கை முறை. அதைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே வறுத்த தேங்காய்ச் சில், கச்சான், சின்ன வெங்காயம், இஞ்சி, தோலோடு பொடியாக வெட்டிய தேசிக்காய், காய்ந்த கூனி, கொச்சிக்காய் என்று ஒவ்வொன்றிலும் கிள்ளுக் கிள்ளாக வைத்து, மேலே வெல்லப்பாகு ஒரு சொட்டு விட்டு, அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் குற்றம். இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். எனக்கு இது புரிய ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நம் கிழவிமார் திண்ணையில் கால் நீட்டி வெற்றிலை மடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சுண்ணாம்பைத் தனியாக நக்கிப் பார்த்து வெற்றிலைக்கு மதிப்பெண் போடுவார் உண்டா?

அன்றைக்கு விளங்கியதுதான் இன்றுவரை என் ஒரே சட்டம். துண்டு ஒவ்வொன்றும் ஒரு முழு வாய். முதலில் வெட்டு, பிறகு நிரப்பு. பாண் துண்டு ஒன்றின் ஓரத்தைச் சீவி நான்கு சதுரமாக்கினால், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நான்கு சென்ரிமீற்றர் வரும். ஒவ்வொரு சதுரத்திலும் கோழி ஒரு துண்டு, கச்சான் பூச்சு ஒரு தடவல், ஊறல் இரண்டு சீவல், இலை ஒன்று என்று தனித்தனியாக வைக்க வேண்டும். பெரிதாகச் செய்து வெட்டினால் ஒருவருக்கு நடுவிலுள்ள கோழி, இன்னொருவருக்கு மூலையிலுள்ள வெறும் பாண். கூலி வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தோழிகளை அரை மணி முன்னதாக வரச் சொல்லி மேசையைச் சுற்றி உட்கார வைத்தால், கூலியும் இல்லை, ஊர்க்கதைக்கும் நேரம் கிடைக்கும்.

இன்னொன்று: பாண் ருசியைக் குடிக்கும். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தபோது சரியாக இருந்த கூட்டு, இரண்டு சதுரங்களுக்கு நடுவே போனதும் ஊமையாகிவிடும். எனவே ஒரு பாண் துண்டோடுதான் ருசி பார்ப்பேன். தனியாகத் தின்றால் ‘கொஞ்சம் கூடிப்போயிற்றே’ என்று தோன்றும் அளவுக்குப் புளியும் உப்பும் இருக்க வேண்டும்.

பாணைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அச்சுப் பாண்தான் வேண்டும், அதுவும் முதல் நாள் பாண். அன்றைய பாண் கத்திக்குக் கீழே நசுங்கும், எண்ணெயையும் குழம்பையும் ஒட்டகம் போலக் குடிக்கும். ஒரு முறை, பீத்தோவனின் மெட்டை ஊதிக்கொண்டு தெருவில் வரும் பாண் ஓட்டோவை நிறுத்திச் சின்னத் தேநீர்ப் பணிஸ் வாங்கிச் செய்து பார்த்தேன். இனிப்புப் பணிஸும் கச்சானும் சேர்ந்ததில் அது பலகாரமாகிவிட்டது. பிள்ளைகள் கொண்டாடினார்கள். நான் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

பிறகு, காற்று. மட்டக்களப்பில் சமைப்பவர்கள் காற்றைப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால், வெட்டி வைத்த பாண் பத்து நிமிடத்தில் அப்பளமாக வளையும். (கச்சான் தின்னவும் கச்சான், வீசவும் கச்சான். வெளியூரிலிருந்து வருபவர்களை இதைச் சொல்லித்தான் குழப்புவோம்.) அந்த மாதங்களில் துண்டுகளை ஈரத் துணியால் மூடி வைப்பேன். மார்கழி மழையில் நிலைமை தலைகீழ்: காற்றிலேயே தண்ணீர். அப்போது மூடினால் புழுங்கி ஒட்டும். துண்டுகளைத் தாச்சியில் எண்ணெய் விடாமல் லேசாக வாட்டி எடுக்க வேண்டும். பாங்கொக் வண்டிக்காரன் கரியில் சுட்டதும் இதற்காகவே இருக்கும் என்று நினைக்கிறேன், அங்கேயும் மழைக்குக் குறைவில்லையே. எந்தப் பருவமானாலும் உட்பக்கத்தில் வெண்ணெய் தடவ வேண்டும், மூலை விடாமல். கொழுப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் இறங்காது. அது ருசிக்காகப் பூசுவதல்ல, கூரைக்கு ஓடு போடுவது.

இனிச் சத்தே. எலும்பு நீக்கிய கோழித் தொடை 500 கிராம் என்றால் இருபத்துநான்கு சின்னச் சாண்ட்விச்சுக்குத் தாராளம். நெஞ்சு இறைச்சி வேண்டாம், ஆறினால் தும்பாகிவிடும். மஞ்சள் ஒரு தேக்கரண்டி, வறுத்து இடித்த மல்லியும் நற்சீரகமும், நசுக்கிய எலுமிச்சைப் புல் ஒரு தண்டு, சீனி ஒரு மேசைக்கரண்டி, தேங்காய் முதற்பால் அரைக் கோப்பை, உப்பு. இரவு முழுதும் ஊறட்டும். போயாவில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால் எப்படியும் முதல் நாளே வாங்கியாக வேண்டும். அந்தச் சட்டம் ஊறவைப்பதற்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. காத்தான்குடித் தோழி ஹலால் பார்த்து எங்கே வாங்குவாளோ அங்கேதான் நானும் கோழி வாங்குவேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை, அது நல்ல கோழி. சோஸ் போத்தல்களின் பின்பக்க எழுத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன், சிலவற்றில் வைன் சேர்ப்பார்கள். சிரட்டைக்கரி மூட்ட நேரமிருந்தால் கரியில் வாட்டலாம். இல்லாவிட்டால் தாச்சி நன்றாகச் சுட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓரம் கருக விட வேண்டும்.

கச்சான் குழம்பு இங்கே குழம்பாக இருக்கக் கூடாது. வறுத்த கச்சான் 150 கிராமை அம்மியில் பாதி கொரகொரப்பாக அரைத்துக்கொள்வேன். காய்ந்த கொச்சிக்காய், உள்ளி, சின்ன வெங்காயம், எலுமிச்சைப் புல், பேரரத்தை சேர்த்தரைத்த விழுது இரண்டு மேசைக்கரண்டி. முதற்பாலில் அதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கச்சானையும் சீனியையும் கெட்டிப் பழப்புளியையும் சேர்த்துக் கிளற வேண்டும். கரண்டியால் நடுவில் கோடு கீறினால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும்.

அந்த வெள்ளரிக்காய் ஊறலுக்கு அங்கே ‘ஆச்சாட்’ என்று பெயர். நம் அச்சாறுதான், உடை மாற்றிப் போயிருக்கிறது. வினாகிரியிலும் சீனியிலும் உப்புப் போட்டுச் சூடாக்கி ஆறவிட்டு, மெல்லிய வெள்ளரி, சின்ன வெங்காயம், சிவந்த கொச்சிக்காயின் மேல் ஊற்றினால் முடிந்தது. சாண்ட்விச்சுக்குள் வைக்கும்போது மட்டும் ஒவ்வொரு சீவலையும் பிழிந்து வைக்க வேண்டும். நான் இதைச் சொல்ல மறந்த ஒரு தோழியின் தட்டில் மறுபடியும் ரஸ்க் விளைந்தது. அவள் என்னைக் குறை சொன்னாள், நியாயம்தான்.

இரண்டாவது வகை உண்மையிலேயே தாய்லாந்தில் பாணை வைத்துச் செய்வது: கனொம் பாங் நா குங். குங் என்றால் இறால், நா என்றால் முகம். இறால் முகம் வைத்த பாண். பன்றி இறைச்சியில் செய்வதும் உண்டு, எங்கள் மேசைக்கு அது வராது. வாவி இறால் இருக்கும் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை. சிறிய இறாலே போதும், இனிப்பு அதில்தான். உரித்து 300 கிராம் எடுத்து, கத்தியாலேயே கொத்திக்கொள்ள வேண்டும், அரைத்தால் பசையாகிவிடும். அதோடு மல்லிவேர், உள்ளி, மிளகு மூன்றையும் இடித்துச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் தாய்லாந்துக்காரர் ‘மூன்று தோழர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதிச் சமையல் இந்தத் தோழர்களின் முதுகில்தான் ஓடுகிறது. மல்லித்தழையை வாங்கி வேரை வெட்டிக் குப்பையில் போட்ட இருபது வருடங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வேரைத் தேய்த்துக் கழுவுங்கள், மணல் பிடிவாதமாக ஒட்டியிருக்கும்.

முட்டை வெள்ளைக்கரு ஒன்று, சோள மா ஒரு மேசைக்கரண்டி, நாம் பிளா இரண்டு தேக்கரண்டி. நாம் பிளா என்றால் மீன் நீர். நெத்தலி இனத்து மீனை உப்போடு ஒரு வருடத்துக்கு மேல் கிடத்தி வடிப்பது. போத்தலைத் திறந்ததும் மூக்கைப் பொத்தியவர்களிடம், நீங்கள் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவதில்லையா என்று கேட்பேன். அடுப்பில் ஏறியதும் நாற்றம் போய் ஆழம் மட்டும் நிற்கும், மாசியைப் போலவே. இந்தக் கலவையைப் பாண் சதுரத்தின் மேல் கூரையாகக் குவித்து, எள்ளுத் தூவி, இறால் முகம் எண்ணெயைப் பார்க்கக் கவிழ்த்துப் பொரிக்க வேண்டும். முகம் பொன்னிறமானதும் திருப்பி ஒரு கணம், அவ்வளவுதான். திறந்த சாண்ட்விச், மேலே மூடி கிடையாது. இதை மட்டும் முன்கூட்டிச் செய்யமாட்டேன். நம்முடைய வெக்கையில் பச்சை இறாலை வெளியில் வைத்துக்கொண்டிருப்பது வம்பு. ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எண்ணெயைச் சூடாக்குவேன். கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தாய்மாரிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன். இதில் வெட்கப்படக் கூடாது.

மூன்றாவது வகைக்குக் காரணம் வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் என் அம்மாவும். வெறும் காளான்தான், ஆனால் அதில் பெரிய வழக்கே நடந்தது.

தாய்லாந்தில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் சாப்பாடு ‘பட் கப்ராவ்’. உள்ளியும் கொச்சிக்காயும் இடித்துப் போட்டு, கொத்திய இறைச்சியை வதக்கி, இறக்கும்போது ஒரு பிடி இலை சேர்ப்பார்கள். மேலே ஒரு பொரித்த முட்டை. அந்தக் கப்ராவ் இலை வேறொன்றுமல்ல, துளசி. சாட்சாத் நம் முற்றத்துத் துளசியின் இனம்தான். வகை கொஞ்சம் வேறு, அவர்களுடையது மென்மை, நம்முடையது கராம்பு போலக் காரம். தம்பி முதன்முதலாகச் சந்தைக்குப் போனபோது மீன் தட்டுக்குப் பக்கத்தில் துளசியைக் கீரைக்கட்டு போலக் கட்டிக் குவித்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டானாம். பிறகு பசி வென்றது. மிக மலிவான சாப்பாடு அதுதான். நான்கு வருடத்தில் எத்தனை நூறு முறை தின்றிருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. அம்மா ஒவ்வொரு அழைப்பிலும், “மரக்கறி ஏதும் தின்கிறாயா மகன்?” என்று கேட்பார். “ஓம் அம்மா, தினமும் கீரை” என்பான்.

உண்மை வெளிப்பட்டது என்னால்தான். காளானில் கப்ராவ் செய்யலாமா என்று ஒரு நாள் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அம்மா பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “துளசி நிறையப் போடுங்கள் அக்கா, அங்கே நான் தின்ற அளவுக்கு” என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை துளசி மாடத்தில் விளக்கு வைத்தவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கே நின்றார்.

மாடத்துத் துளசியில் கை வைக்கும் எண்ணம் எனக்கு இருக்கவே இல்லை. ஆனாலும் கேட்டேன். “அது சாமிக்கு வைத்தது” என்றார், பேச்சு முடிந்தது. கிணற்றடியில் ஒரு பழைய வாளியில் விதை போட்டேன். முளைத்தது, வளர்ந்தது, பூத்தது. அம்மா தினமும் கிணற்றடிக்குப் போய் வருகிறவர். அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஒரு முறை மட்டும், நான் ஊரில் இல்லாத வாரத்தில், யாரோ அதற்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

சிப்பிக் காளான் 400 கிராம், பொடியாகக் கொத்தி, தாச்சியில் உப்பில்லாமல் வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும், பொறுமையாக நின்றால் அத்தனையும் வற்றி ஓரம் முறுகும். அவசரப்பட்டால் பாண் நனைந்துபோகும். அதன் பிறகு இடித்த உள்ளி ஆறு பல், கொச்சிக்காய் ஐந்து, சோயா சோஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சீனி ஒரு சிட்டிகை. அடுப்பை அணைத்த பின்புதான் துளசி. நம் துளசி காரமென்பதால் அவர்கள் போடும் அளவில் பாதி போதும். வாட்டிய பாண் சதுரத்தில் வெண்ணெய், அதன்மேல் இது, அதன்மேல் பொரித்த முட்டை ஒரு துணுக்கு. விரதக்காரருக்கு முட்டை இல்லாமல், வேறு தட்டில், வேறு கரண்டியால்.

பன்னிரண்டு பேருக்கு ஒவ்வொரு வகையிலும் இருபத்துநான்கு செய்வேன். ஆளுக்கு ஆறு. இரண்டு வகை முடியும், ஒன்று மிஞ்சும் என்று எண்ணினால் அது நடக்காது. மாமா எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாதவர். போன போயாவில் ஆறரை மணிக்கே தட்டுகள் காலி. பிள்ளைகள் பாலத்தடிக்குப் போய் வாவியில் பாடும் மீன் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கிளம்பிவிட்டார்கள், நிலவு அப்போதுதான் கடல் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. 1924இல் கட்டிய பழைய பாலத்தில் நின்று மீன் பாடியதைக் கேட்டேன் என்று மாமா வழக்கம்போலச் சத்தியம் செய்தார். தம்பி காணொளியில் வந்தான். அவனுக்கு அங்கே காலை ஒன்பது மணி, கையில் கோப்பி.

தொலைபேசியை விறாந்தையில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சாய்கதிரையில் இருந்தார். மடியில் ஒரு சிறு தட்டு, அதில் விரதத் தட்டிலிருந்து எடுத்த கடைசிச் சதுரம். அதை எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

“அம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டான்.

அம்மா அதை முழுதாக வாயில் போட்டு, ஆறுதலாக மென்று, விழுங்கினார்.

“கீரை” என்றார்.